ஒரே கூடையில் இரண்டு பேர்

மூன்று பெண்களில் கடைசி என்பதால் பிறந்த வீட்டில் அவள் சின்னவள். வாழ்க்கைப்பட்ட வீட்டில் மூத்த ஓரகத்தி ஒருத்தி இருந்தாள், அதனால் அங்கேயும் சின்னவள்தான். காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் அந்தப் பெயர் அவளை விட்டு இறங்கவில்லை.

அவளுக்கு வேலை பைதான், அதாவது மலைப்பாம்பு, என்கிற கணினி மொழியில் வலைத்தளம் கட்டுவது. மாமியாருக்கு ஒரு தங்கை உண்டு, வாய்த்துடுக்கு அதிகம். அவள் வரும்போதெல்லாம், "என்னடி, இன்னிக்குப் பாம்பு பால் குடிச்சிச்சா, படுத்துக்கிச்சா?" என்பாள். "படுத்துக்கிச்சு சின்னத்தை, எழுப்பிக்கிட்டிருக்கேன்" என்று சின்னவள் திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்வாள். படுக்கையறை மூலையில், இஸ்திரி மேசைக்கும் சன்னலுக்கும் நடுவில் அவளுடைய நாற்காலி. முதுகில் துணிமூட்டை இடிக்கும். அதுதான் அவள் அலுவலகம்.

பட்டுத் தெரிந்துகொண்டவள் அவள். ஆரம்ப நாளில் செருப்புக்கடைக்காரருடைய தளத்துக்காக ஏதோ ஒரு மென்பொருள் பொதியைப் புதுசாக்கப் போக, அதே கணினியில் இருந்த பள்ளிக்கூட நூலகத் தளம் குப்புற விழுந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வேலைக்கும் தனி அறை, தனிச் சாமான். ஒன்றின் உப்பு இன்னொன்றில் விழாது. இன்னொரு தரம், தான் பிழை தேடுவதற்காகத் திறந்து வைத்த கதவை மூடாமலே தளத்தை ஊருக்கு விட்டுவிட்டாள். ஒரு சின்னத் தப்பு வந்ததும் உள்வீட்டுச் சங்கதி மொத்தமும் திரையில் போய் நின்றது. அதற்குப் பிறகு, கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவர்களைப் போல, அந்தக் கதவை மட்டும் இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

இவ்வளவு சூடு கண்டவளுக்கும் ஒரு சூடு பாக்கி இருந்தது.

அவள் கணவனுடைய அக்கா, அதாவது அவளுக்கு நாத்தனார், ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் தலைமை நர்ஸ். அவள் சொல்லித்தான் அந்த இல்லத்துக்குச் சின்னவள் ஒரு தளம் கட்டிக் கொடுத்தாள். சொந்தக்காரர்கள் போனிலிருந்து நாலு வரி எழுதினால், அது கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற திரையில் பெரிய எழுத்தில் வரும். கண் மங்கினவர்களும் படிக்கலாம். எல்லாரும் மெச்சிக்கொண்டார்கள். நாத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் காலையில் அந்த நாத்தனார் போன் செய்தாள்.

"சின்னவளே, கடைசி அறையில இருக்காரே டிரைவர் ஐயா, அவருக்கு யாரு மெசேஜ் போடறது?"

"எனக்கென்ன தெரியும் அண்ணி? அவரோட வீட்டு ஆளுங்க போடுவாங்க."

"அவருக்கு வீடும் இல்ல, ஆளும் இல்ல. சொந்தக்காரங்க இடத்துல நான்தானே கோடு போட்டேன். ஆனா ஒரு வாரமா அவர் திரையில 'அப்பா'ன்னும் 'உங்க பேத்தி'ன்னும் வருது. மனுஷன் காலையில எழுந்ததும் கண்ணாடியத் தேடுறாரு. ஞாயித்துக்கெழம யாரோ வராங்களாம், முகம் மழிச்சுவிடச் சொல்றாரு. யாரு வராங்கன்னு நான் என்னத்தச் சொல்ல?"

சின்னவள் போனை வைத்துவிட்டு எழுதினதையெல்லாம் பிரித்துப் போட்டு உட்கார்ந்தாள். தன் கணினியில் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. திரும்பத் திரும்ப ஓட்டினாலும் அப்படியேதான். மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் பொறி தட்டியது. மடித்ததைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

விஷயம் இதுதான். சொந்தக்காரர் பெயர் பதிந்திருந்தால் அவரவர் செய்திக்கு அவரவர் கூடை. பெயர் இல்லாவிட்டால் ஒரு காலிக்கூடை எடுத்துக்கொள் என்று எழுதியிருந்தாள். ஆளுக்கொரு காலிக்கூடை கிடைக்கும் என்பது அவள் நினைப்பு. பைதான் அப்படிச் செய்யாது. அந்த வரியை முதலில் படிக்கும்போது ஒரே ஒரு கூடை முடைந்து வைத்துக்கொள்ளும். பிறகு பெயரில்லாமல் யார் வந்தாலும் அதே கூடையைத்தான் நீட்டும். முன்னால் வந்தவர் போட்டது அதிலேயே கிடக்கும். அவள் கணினியில் ஒவ்வொரு தரமும் புதிதாய்த் தொடங்கி ஓட்டுவதால் கூடை எப்போதும் காலி. இல்லத்து சர்வரோ நிற்காமல் ஓடுகிறது, அங்கே கூடை நிரம்பிக்கொண்டே இருந்தது.

தையல்காரம்மா ஒருத்தி தன் அப்பாவை இல்லத்தில் புதிதாகச் சேர்த்திருந்தாள். அவசரத்தில் அவள் பெயரைப் பதிய விட்டுப்போயிற்று. ஆக, பெயரில்லாதவர்கள் இரண்டு பேர், அவர்களுக்குக் கூடை ஒன்று. தையல்காரம்மா அவள் அப்பாவுக்கு எழுதினதெல்லாம் டிரைவர் ஐயாவுக்கும் போய்க்கொண்டிருந்தது.

திருத்தம் இரண்டே வரிதான். வாசலில் கூடையை வைக்காமல் 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டு, ஆள் உள்ளே வந்த பிறகு புதுக்கூடை எடுத்துக் கொடுக்க வேண்டும். அதை எழுதினாள். பெயரில்லாத இரண்டு பேரை அடுத்தடுத்து உள்ளே விட்டுப் பார்க்கிற சோதனை ஒன்றையும் சேர்த்தாள். ஆனால் சர்வரில் ஏற்றக் கை வரவில்லை. ஏற்றிவிட்டால் அந்த மனிதருடைய திரை மூளியாகிவிடுமே. ஏற்றாவிட்டால் ஊரார் வீட்டுப் பேச்சை ஒருவர் படித்துக்கொண்டிருப்பார். அது இன்னும் தப்பு. கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிவிட்டு, அவரிடம் நேரில் சொல்லக் கிளம்பினாள்.

டிரைவர் ஐயா சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். திரையில் 'செய்தி எதுவும் இல்லை' என்று இருந்தது.

"ஐயா, உங்களுக்கு வந்ததெல்லாம்..." என்று இழுத்தாள். "தப்பு என்னோடதுங்க. அது வேற ஒருத்தருக்கு வந்தது."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"கல்யாணமே கட்டாதவனுக்குப் பேத்தி எங்கேருந்தும்மா வரும்?" அவர் சிரித்தார். "மொத நாளே தெரியும்."

"அப்புறம் ஏங்க சொல்லல?"

"நான் பஸ் ஓட்டினவன். பின்சீட்டுல பேசறது காதுல விழும், திரும்பிப் பாக்க மாட்டேன். ஒருத்தி மாமியார் சண்டையச் சொல்லுவா, ஒருத்தன் வேலைக்கு மனு போட்டதச் சொல்லுவான். அவங்க நிறுத்தம் வந்தா எறங்கிப் போயிடுவாங்க. கதை பாதியில நிக்கும். எத்தனை கதைம்மா! ஒண்ணுக்குக்கூட முடிவு தெரியாது."

"முகம் மழிக்கச் சொன்னீங்களாமே?"

"யாரோ ஒருத்தரப் பாக்க அவரு பொண்ணு வருது. வாசல்ல பாக்கறப்போ கிழவன் கரடி மாதிரி இருந்தா நல்லாவா இருக்கும்?" திரையைக் கைகாட்டிக் கேட்டார். "அந்தப் பேத்திக்கு இது பத்தாம் மாசம்னு எழுதியிருந்தாங்க. வயித்துவலின்னு வேற எழுதியிருந்தாங்க. நல்லபடியா ஆச்சா? அத மட்டும் சொல்லிடு."

அது சின்னவள் சொல்கிற சங்கதி இல்லை. "எனக்குத் தெரியாதுங்க ஐயா" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அங்கிருந்து நேராகத் தையல்கடைக்குப் போனாள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். தையல்காரம்மா மிஷினை நிறுத்தினாள்.

"எங்க வீட்டுப் பொண்ணு வயித்துவலி வரைக்கும் ஊருக்குப் படிச்சுக் காட்டியிருக்கே, இல்ல?"

"ஆமாங்க்கா."

"நல்லா இரு! நீ தைக்கக் குடுத்த ரவிக்கைய நான் இப்படி ஆள் மாத்திக் குடுத்தா நீ சும்மா விடுவியா?"

"விடமாட்டேன்க்கா." பிறகு டிரைவர் ஐயா கேட்ட கேள்வியையும் சொன்னாள். "பதில் சொல்லணும்னு நான் கேக்கல. அவர் கேட்டார்னு மட்டும் சொல்றேன்."

தையல்காரம்மா துணியில் குத்தியிருந்த குண்டூசியை எடுத்தாள். மிஷினை மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள். இனி இங்கே வேலையில்லை என்று சின்னவள் படியிறங்கிவிட்டாள்.

ரெண்டு நாள் போயிற்று. சனிக்கிழமை காலையில் நாத்தனார் போனில் கத்தினாள்.

"ஏண்டி, சரி பண்ணிட்டேன்னு சொன்னியே! டிரைவர் ஐயா திரையில மறுபடியும் வந்திருக்கு!"

சின்னவள் சோதனைகளை ஓட்டினாள். எல்லாம் சரியாகவே இருந்தன. சர்வரின் பதிவைப் பார்த்தாள். கூடை அவருடையதுதான், புதுக்கூடை. அதில் ஒரே ஒரு செய்தி.

"அண்ணி, என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். "'டிரைவர் ஐயாவுக்கு. பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் சௌக்கியம். நாளைக்கு அப்பாவப் பாக்க வரும்போது உங்களையும் பாக்கறேன். இது உங்களுக்குன்னுதான் எழுதினேன்.' அடியே, இது சரியாத்தானே வந்திருக்கு?"

"சரியாத்தான் வந்திருக்கு. அவர் என்ன பண்றார்?"

"என்ன பண்ணுவாரு? மழிக்கற கத்திய எங்க வெச்சேன்னு என்னை ஓட ஓட வெரட்டுறாரு."

சின்னவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அந்தப் பதிவைக் கீழே வரை பார்த்தாள். ஒருவருக்குச் செய்தி எழுத வேண்டுமானால் அவருக்கு என்ன உறவு என்று சொல்லியாக வேண்டும். அந்தக் கட்டத்தை அவள்தான் வைத்திருந்தாள். மகன், மகள், மருமகள், பேரன் என்று வரிசையாகப் போட்டுவிட்டு, கடைசியில் 'வேறு' என்று ஓர் இடமும் விட்டிருந்தாள். தையல்காரம்மா அந்த இடத்தில் எழுதியிருந்தாள்: பின்சீட்டுப் பயணி.