இரட்டைப் பிரசவத்துக்கு மருமகள் எழுதிய தாள்

அந்தத் தாளின் அடியில் இன்றும் என் கையெழுத்து இருக்கிறது. பிரசவத்தன்று மருமகள் கேட்டிருந்த வலி மருந்தை நான் தடுத்தேன். தடுக்க நர்ஸிடம் ஒரு பொய்யும், தடுத்ததை மறைக்க அவளிடம் ஒரு பொய்யும் சொன்னேன். எழுபத்திரண்டு வயதில் இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல விருப்பமில்லை. இதை முதலில் சொன்னால்தான் அவளைப் பற்றி எழுத எனக்கு அருகதை உண்டு.

அவள் ஓசூர் சிப்காட்டில் கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தர ஆய்வாளர். மெஷினிலிருந்து வரும் பாகங்களை அளந்து, செக் ஷீட் என்கிற கட்டம் போட்ட தாளில் குறித்து, தவறானதை ஒதுக்குவது அவள் வேலை. வயிற்றில் இரட்டை என்று ஸ்கேனில் தெரிந்த பிறகு, ஒவ்வொரு முறை டாக்டரம்மாவைப் பார்க்கப் போகும்போதும் கேள்விகளை எழுதிக்கொண்டு போனாள். ஏழாம் மாத முடிவில் ஒருநாள், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஒரு தாளை என் முன்னால் வைத்தாள். என்ன நடக்க வேண்டும், மாறினால் என்ன செய்வது, யார் செய்வது, குறிப்பு என்று நான்கு கட்டங்கள். முதல் குழந்தையின் தலை கீழே இருந்தால் சுகப்பிரசவம். உட்கார்ந்தோ குறுக்காகவோ இருந்தால் ஆபரேஷன். முதல் குழந்தை பிறந்த பின் இரண்டாவது திரும்பிக்கொண்டால் டாக்டர் கையால் திருப்பிப் பார்ப்பார். முடியாவிட்டால் உடனே ஆபரேஷன். மூன்றாவது வரிசையைச் சிவப்பு மையில் எழுதியிருந்தாள்: வலி தொடங்கியதும் முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து.

"பிரசவத்துக்குமா செக் ஷீட்?" என்று சிரித்தேன்.

"ஒரு போல்ட்டுக்கே பதினாலு கட்டம் வச்சிருக்கோம் மாமா. ரெண்டு உசுரு வருது, நாலு கட்டம் வேணாமா?" என்றாள். பிறகு சிவப்பு வரியில் விரல் வைத்தாள். "இது வெறும் வலிக்கு மட்டும் இல்ல. ரெண்டாவது பாப்பா திரும்பிக்கிச்சுன்னா உள்ள கை விட்டுத் திருப்பணும், இல்ல சட்டுனு ஆபரேஷன் பண்ணணும். குழாய் முதுகுல இருந்தா மருந்தைக் கூட்டிக் குடுத்தாப் போதும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவளுக்குத் தாய் இல்லை. அப்பா கெலமங்கலம் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் தனியாக இருந்தார். என் மனைவியும் போய்ச் சேர்ந்திருந்தாள். மகனை அவன் கம்பெனி இரண்டு மாதப் பயிற்சிக்குப் புனேவுக்கு அனுப்பியிருந்தது. ஆகவே தாளின் அடியில் 'உடனிருப்பவர்' என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருடம் பொறியாளராக இருந்தவன் நான். கம்பத்தில் ஆள் ஏறுவதற்கு முன், லைனை நிறுத்திவிட்டதாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கு லைன் கிளியர் என்று பெயர். அதை வாங்கியவர் கீழே இறங்கித் தன் கையால் திருப்பிக் கொடுக்கும்வரை யார் சொன்னாலும், அமைச்சரே போனில் கூப்பிட்டாலும், சுவிட்சைத் தொடக்கூடாது. அத்தனை வருடத்தில் அந்த விதியை நான் ஒருமுறைகூட மீறியதில்லை. அதனால்தானோ என்னவோ, என் கையெழுத்தை அவள் அவ்வளவு நம்பினாள்.

குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்பே, ஒரு காலை நேரத்தில் வலி வந்தது. துணைக்குக் காவேரிப்பட்டினத்திலிருந்து வந்திருந்த என் அக்காவும் நானும் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதல் குழந்தையின் தலை கீழே இருந்தது. எல்லாம் தாளில் எழுதியபடியே போய்க்கொண்டிருந்தது. டாக்டரம்மா வேறொரு ஆபரேஷனில் இருந்தார். பத்து மணி வாக்கில் நர்ஸ் வெளியே வந்து, "சார், முதுகு ஊசி கேக்குறாங்க. மயக்க டாக்டர் வீட்லதான் இருக்காரு, இருபது நிமிஷத்துல வந்துடுவாரு. போன் போட்டுடட்டுமா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "முதுகுல ஊசியா? அப்புறம் ரெண்டு புள்ளைய எப்படித் தூக்கி வளப்பா? நாங்கெல்லாம் பெத்துக்கலையா? மருமவ ஒரு தாளை நீட்டுனா மாமனாரு கையெழுத்துப் போட்டுட்டுப் பின்னாடியே நிக்கிறதா? நல்லாருக்குடா உன் கவுரவம்!"

என் மனைவிக்கு மகன் ஆபரேஷனில்தான் பிறந்தான். அதன் பிறகு இறக்கும்வரை அவளுக்கு இடுப்பு வலி. ஆபரேஷனுக்காக முதுகில் போட்ட ஊசிதான் காரணம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அப்படி இல்லை, ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம், காலத்துக்கும் வரும் இடுப்பு வலிக்கு அது காரணமில்லை என்று டாக்டரம்மா எனக்கு எதிரிலேயே விளக்கியிருந்தார். நானும் படித்தவனுக்குரிய தோரணையோடு தலையாட்டியிருந்தேன். ஆனால் அன்று என்னை அசைத்தது அந்தப் பயம்கூட அல்ல. வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் அக்காவின் பேச்சைக் கேட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

"இப்பதான் அவகிட்டப் பேசினேன். வேண்டாம், தாங்கிக்கிறேன்னு சொல்றா," என்றேன் நர்ஸிடம். உள்ளே படுத்திருப்பவளைவிட வெளியே நிற்கும் ஆணின் பேச்சுக்கு இங்கே மதிப்பு அதிகம். நர்ஸும் கேட்டுக்கொண்டு போய்விட்டாள். பிறகு கதவோரம் போய் மருமகளிடம், "மயக்க டாக்டர் பெங்களூர் போயிட்டாராம்மா," என்றேன்.

வியர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. ஒரு வலி முடியும்வரை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "சரி மாமா. ஆள் இல்லாட்டி என்ன பண்றது. நீங்க பயப்படாம உக்காருங்க."

முதலில் பெண் குழந்தை பிறந்தது. அடுத்த சில நிமிடங்களில் உள்ளே குரல்கள் மாறின. இரண்டாவது குழந்தை குறுக்காகத் திரும்பிவிட்டது. "முதுகுல எபிடியூரல் ஏன் போடல?" என்று டாக்டரம்மா கேட்டது வெளியே கேட்டது. "மயக்க டாக்டரை ஓடி வரச் சொல்லுங்க!" ஆனால் குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்துகொண்டிருந்தது, காத்திருக்க நேரமில்லை. மரத்துப்போக எந்த மருந்தும் இல்லாமல், டாக்டரம்மா உள்ளே கைவிட்டுக் குழந்தையின் காலைப் பிடித்து வெளியே எடுத்தார். அவள் அலறுவாள் என்று நான் காதைப் பொத்தத் தயாராக நின்றேன். அவள் எண்ணினாள். எங்களோடு எப்போதும் தமிழில் பேசுகிறவள், அவள் அம்மாவின் தெலுங்கில், உரக்க, நிறுத்தி நிறுத்தி எண்ணினாள். ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு. இருபத்தேழில் குரல் உடைந்தது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். பேரன் அழுத சத்தம் கேட்டபோது அக்கா தலையில் கைவைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கூப்ட்டிருக்கலாம்டா," என்றாள். மயக்க டாக்டர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் படியேறி ஓடி வந்துகொண்டிருந்தார். என் சட்டைப் பையில் அந்தத் தாள் நான்காக மடிந்து கிடந்தது.

அதன்பின் மூன்று மாதம் நான் வாய் திறக்கவில்லை. குழந்தை பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவள், "மயக்க டாக்டர் ஊர்ல இல்ல, யார் மேலயும் தப்பில்ல," என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குள் மட்டும் அவள் கால் வைக்க மாட்டாள்; தடுப்பூசி போடப் போகும்போது வாசலிலேயே நின்றுகொண்டு குழந்தைகளை என்னிடம் கொடுத்து அனுப்புவாள். ஒருநாள் அப்படிப் போய்த் திரும்பியபோது, ஆட்டோவில் வைத்தே எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் தாளைக் கேட்டாள். கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கையெழுத்துப் போட்டீங்களே," என்றாள். பிறகு, "உங்க பையன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க." சொன்னேன். அவன் கத்தினான். அவள் கத்தவில்லை. ஆனால் 'மாமா' என்ற சொல் அந்த வீட்டிலிருந்து மறைந்தது. "தாத்தாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று, பேசத் தெரியாத குழந்தையிடம் சொல்வாள்.

அவள் வேலைக்குத் திரும்பிய சில மாதத்தில், அவளோடு வேலை பார்க்கும், பேரிகை ஊர்ப் பெண் ஒருத்திக்கும் இரட்டை என்று தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு முதல் குழந்தை உட்கார்ந்த நிலையில் இருந்ததால் ஆபரேஷன்தான் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் மாமனார் சம்மதிக்கவில்லை. முதுகு ஊசி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"பேரிகைக்கு வரணும் நீங்க. நான் சொன்னா படிச்ச திமிருன்னுவாங்க. நீங்க ஒண்ணும் புத்தி சொல்ல வேணாம். பண்ணதை மட்டும் சொல்லுங்க."

அந்த மாமனார் தக்காளி விவசாயி, என்னைவிடச் சிறியவர். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். கையெழுத்து, அக்காவின் பேச்சு, இரண்டு பொய், தெலுங்கு எண்ணிக்கை எல்லாவற்றையும் மருமகள் எதிரிலேயே சொன்னேன். அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் சார், இதைச் சொல்லவா பஸ் ஏறி வந்தீங்க? எங்கூட்ல நடந்திருந்தா நான் செத்தாலும் வெளிய சொல்ல மாட்டேன்."

"நானும் சொல்லாமத்தான் இருந்தேன்," என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் ஒரு தக்காளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "டாக்டர் சொன்னபடியே ஆவட்டும். மொதல்ல இவங்களுக்குக் காபி போடுங்க."

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். நான் கீழேயே தடுமாறி நின்றேன். "மாமா, ஏறுங்க, பஸ் கிளம்புது," என்று மேலிருந்து அவள் கை நீட்டினாள். அந்தச் சொல்லை அவள் யோசித்துச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

பேரிகைப் பெண்ணுக்கு முதுகு ஊசியோடு ஆபரேஷன் நடந்தது. தாயும் இரு பிள்ளைகளும் நலம். இப்போது கம்பெனியில் பிள்ளை உண்டான பெண்கள் மருமகளிடம் வந்து தாள் கேட்கிறார்கள். "எல்லாருக்கும் ஒரே தாள் ஆகாது. உன் டாக்டர்கிட்டக் கேட்டு நீயே நிரப்பு" என்று சொல்லி, வெறும் கட்டங்கள் மட்டும் போட்ட படிவத்தைக் கொடுக்கிறாள். அதில் 'உடனிருப்பவர்' கையெழுத்து இல்லை. அந்த இடத்தில் சிவப்பு மையில் ஒரு புது வரி இருக்கிறது: 'நான் கேட்டது கிடைக்காவிட்டால், காரணத்தை டாக்டரோ நர்ஸோ என்னிடம் நேரில் சொல்ல வேண்டும்.' அந்த வரி ஏன் வந்தது என்று அவள் யாரிடமும் சொல்வதில்லை.

பழைய தாள் அவள் பீரோவில் இருக்கிறது. குறிப்பு என்ற கட்டத்தில் என்னை எழுதச் சொன்னாள். 'மயக்க மருத்துவர் இருந்தார். நான் அழைக்கவிடவில்லை' என்று எழுதித் தேதி போட்டேன். தவறு சரிசெய்யப்பட்டது என்று அவர்கள் தொழிலில் கடைசியாக ஒரு கையெழுத்து உண்டாம். அதை அவள் இன்னும் போடவில்லை. நானும் கேட்கப்போவதில்லை. லைன் கிளியரை வாங்கியவர்தான் திருப்பித் தர வேண்டும்.