கொச்சியில் நாங்கள் தங்காத நாள்

ஞானம் டீச்சர் காலமாகிவிட்டார் என்ற செய்தி போன வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு வந்தது. ராஜபாளையத்திலிருந்து அவருடைய தம்பி அனுப்பிய ஆள் பஸ்ஸில் வந்து இறங்கி, பள்ளிக்கூட வாசலிலேயே நின்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று இருந்தேன். அதற்கு முந்தின ஞாயிறும் அப்படித்தான் இருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவரிடம் பூகோளம் படித்த பெண்கள் இன்று எங்கெங்கோ குடும்பம் நடத்துகிறார்கள். அவர்களுக்கு அவர் குரல் நினைவிருக்கும். துறைமுகம் பாடம் வந்தால் மட்டும் அவர் புத்தகத்தை மூடிவிட்டு, தாம் பார்த்ததைச் சொல்லுவார். ஒரு முறை வன்னியம்பட்டிப் பெண் ஒருத்தி, கடல் கண்மாயை விடப் பெரிசா என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்விதான். கண்மாய்க்கரையில நின்னா அக்கரை தெரியும். கடல்ல நீ எம்புட்டு நேரம் பாத்தாலும் தெரியாது" என்றார். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு அது கேட்டது. நான் பக்கத்து வகுப்பில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தவள்.

கல்யாணமாகி ஏழு வருஷம் அவர் கொச்சிக் கோட்டையில் வாழ்ந்தார். கணவர் சாமுவேல் அங்கே மிளகு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் குமாஸ்தா. விஷக்காய்ச்சலில் அவர் இறந்த நாலாம் நாள், தம்பி போய் அக்காளை ராஜபாளையத்துக்கு அழைத்து வந்துவிட்டார். பிறகு ஆபீஸ்காரர்கள் சேர்ந்து கல்லறையில் பெயர் வெட்டிய கல் ஒன்றை நிறுத்தியதாகக் கடிதம் வந்தது. அந்தக் கல்லை டீச்சர் பார்த்ததில்லை. "அவிய பேரை எப்படி வெட்டியிருக்காங்கன்னு ஒரு தடவை பாத்துட்டா போதும்" என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். தனியாகப் போக அவருக்குத் தைரியம் வரவில்லை. பன்னிரண்டு வருஷம் அப்படியே போயிற்று.

யுத்தத்துக்கு முந்தின வருஷம், காலாண்டு லீவில், நான் வருகிறேன் என்றேன். செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு ரயில், அங்கிருந்து காயலில் போட். போய்ச் சேரவே இரண்டு நாள் ஆயிற்று. மறுநாள் காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். இரும்புக் கேட் பூட்டியிருந்தது. சாவி வைத்திருக்கும் காவல்காரர் தம் மகள் கல்யாணத்துக்கு ஆலப்புழை போயிருக்கிறார், நாளைக் காலையில் வந்துவிடுவார் என்று எதிர்வீட்டு அம்மாள் சொன்னார். கம்பி வழியே பார்த்தோம். இடுப்பளவு புல்லும், அதற்கு மேலே சில கல் தலைகளும்தான் தெரிந்தன. டீச்சர் கம்பியைப் பிடித்தபடி எட்டி எட்டிப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் போட்டைப் பிடித்தால்தான் பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் நான் வகுப்பில் இருக்க முடியும். அந்த வாரம் இன்ஸ்பெக்டர் வருவதாகப் பேச்சு. என் வகுப்புப் பெண்கள் அவர் முன்னால் கணக்குப் போட வேண்டும் என்பதற்காக மூன்று மாதம் பாடுபட்டிருந்தேன். டீச்சர் என்னிடம் ஒரு நாள் இருக்கலாமா என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். நான்தான் வாய்விட்டுச் சொன்னேன்: "கல்லு எங்க போயிரப் போகுது டீச்சர்? அடுத்த லீவுக்கு வருவோம்."

அவர் சரி என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குச் சாப்பிட ஏதாவது வாங்கிக் கொடுத்துக்கொண்டே வந்தார். இன்ஸ்பெக்டர் அந்த வாரம் வரவில்லை.

அடுத்த லீவுக்கு என் மாமியார் படுக்கையில் விழுந்தார். பிறகு யுத்தம் வந்தது. பிறகு டீச்சருக்கே நெஞ்சு நோவு வந்து, வேலையை விட்டுவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். இதற்கெல்லாம் முன்பே, நாங்கள் போய் வந்த இரண்டு மாதத்தில், டீச்சர் காவல்காரருக்குத் தாம் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்ததாகச் சொன்னார். "கல்லு நல்லா இருக்காம் டீச்சர். பக்கத்துல பூச்செடிகூட வச்சிருக்காங்களாம்" என்றார். அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடக்கம் முடிந்த மறுநாள், அவருடைய புத்தகங்களைத் தம்பி என்னிடம் கொடுத்தார். ஒன்றினுள் மலையாளத்தில் அந்தக் கடிதம் இருந்தது. டீச்சருக்கு அந்த எழுத்து தெரியும், எனக்குத் தெரியாது. ராஜபாளையத்தில் டீக்கடை வைத்திருக்கும் மலையாளி ஒருவர் படித்துச் சொன்னார். சாமுவேல் சாரை அடக்கம் செய்த வரிசையில் முன்பே வேறு ஆட்களை அடக்கம் செய்துவிட்டார்கள். பழைய கற்களைப் பிடுங்கி மதிலோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். நாங்கள் வந்து போன மறுவாரம் மதில் பழுது பார்த்தபோது அவற்றை உடைத்து அஸ்திவாரத்தில் போட்டுவிட்டார்கள். ஒரு நாள் தங்கியிருந்தால் சாமுவேல் சாரின் கல்லை நானே எடுத்துக் காட்டியிருப்பேன் என்று காவல்காரர் எழுதியிருந்தார்.

டீக்கடைக்காரர் படித்து முடித்ததும், பதில் ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டார். கடிதத்தை வாங்கி, இருந்த புத்தகத்துக்குள்ளேயே திரும்ப வைத்தேன்.

இத்தனை வருஷமும் டீச்சர் இதைத் தமக்குள்ளேயே வைத்திருந்தார். இல்லாத பூச்செடியை எனக்காக நட்டு வைத்தார். இனி அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வழியில்லை.

எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஒன்றே ஒன்று. அந்தப் பயணத்தில், எர்ணாகுளத்திலிருந்து படகு கொச்சிக் கரையை நெருங்கியபோது, டீச்சர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். படகுக்காரர் உட்காரச் சொன்னது அவர் காதில் விழவில்லை. பண்டகசாலைகளுக்குப் பின்னால், பச்சை ஜன்னல் வைத்த ஒரு மாடியைக் காட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் குடியிருந்த இடத்தை எப்போதும் ரூம் என்றுதான் சொல்வார். அன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அந்தா பாருங்க டீச்சர், நம்ம வீடு" என்றார். எங்க வீடு என்று சொல்லவில்லை. என்னையும் சேர்த்துக்கொண்டுதான் சொன்னார்.