சில்லை நிறுத்திய கை

அச்சுவேலிச் சந்தைக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர்தான் செய்தியை நல்லூருக்குக் கொண்டுவந்தார். அருளம்பலம் அண்ணை முதல்நாள் நெஞ்சுவலியில் போய்விட்டாராம். எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, பயம். அவரை அறிந்த உங்களிடம் அதை மறைக்க விருப்பமில்லை.

அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தபடியே பள்ளிக் கொப்பித் தாளில் சிற்றிதழ் நடத்தியவர் அவர். அதுவரை என்னைப் பேட்டி கண்டவர்கள் என் நாவலைத் திறந்தும் பாராமல் வந்து, எனக்குப் பிடித்த நிறம்வரை விசாரித்துப் போனவர்கள். இவரோ பக்கத்துக்குப் பக்கம் கோடிட்டுக்கொண்டு வந்தார். போரால் பற்றரிக்குத் தடை இருந்த காலம். முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவில் ரேப் ரெக்கோடரைப் பூட்டி, ஒரு கையால் பெடலைச் சுற்றிச் சக்கரத்தை ஓடவிட்டபடியே கேள்வி கேட்டார்.

"சில்லுச் சுத்துமட்டும் கதை. நிண்டால் தேத்தண்ணி" என்பது அவருடைய சட்டம்.

நாவலில் ஓர் இளைஞனை வீட்டிலிருந்து கூட்டிப்போகிறார்கள், அவன் திரும்புவதில்லை. அது உண்மையில் நடந்தது. அந்த அத்தியாயத்தை அவர் பாராட்டிக் கேட்டார். புகழ்ந்தால் எழுத்தாளனுக்கு வாய் நிற்குமா? கூட்டிப்போனவனின் பெயரைச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், அவனும் அவன் ஆட்களும் இன்னும் துவக்கோடு ஊருக்குள் திரிவது நினைவுக்கு வந்தது. அவர் கை பெடலில் இல்லை, சில்லு ஓய்ந்துகொண்டிருந்தது.

"தேத்தண்ணி குடிப்பம், தம்பி" என்றார்.

பெயர் பதிவானதா இல்லையா என்று இருவருக்கும் தெரியாது. மறுநாள் கசெற்றைப் போட்டுக் கேட்பதற்காக அச்சுக்கூடம் போனேன். எனக்கு முன்பே துவக்கோடு இருவர் வந்து நின்றார்கள். பேட்டியைக் கேட்க வேண்டுமாம். அண்ணை மறுபேச்சின்றிச் சைக்கிளைக் கவிழ்த்தார். அவரே சுற்றினார். என் குரல் வந்தது. "அவனைக் கூட்டிக்கொண்டு போனது..." என்ற இடத்தில் அணில் கத்துவதுபோல் கீச்சிட்டு நின்றது.

வந்தவர்களில் ஒருவன் சிரித்தான்.

"உது டைனமோவின்ரை குறை. பதியேக்கை சில்லு ஓய்ஞ்சால் உப்பிடித்தான் கத்தும்" என்றார் அண்ணை. அவர்கள் போய்விட்டார்கள்.

பேட்டியை அச்சிட்டபோது அந்தக் கேள்வியையே விட்டுவிட்டார். கசெற்றை என்னிடம் தந்து, "வைச்சிரும். அந்தப் பெயர் என்ரை காதிலை விழேல்லை" என்றார். விழுந்தது எனக்குத் தெரியும். வீட்டில் மனைவியிடம்கூட அதை அவர் சொன்னதில்லை.

கசெற் என் ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது. இன்றும் யாராவது நாவலைப் பற்றிக் கேட்க வந்தால், வாய் திறக்குமுன் அவர்கள் கையைத்தான் பார்க்கிறேன். என்னை நிறுத்திய கை நேற்று எரிந்துவிட்டது. அந்தப் பெயர் இனி என்னிடம் மட்டும்தான்.