சிசிலியா ருசி பார்க்காத ஹொட் டோக்

சிசிலியா நல்ல மனுசி என்று பாரிசில் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தச் சொல் எதையும் தெரிவிப்பதில்லை. அந்தத் தெருவில் பாதிப் பேர் நல்ல மனுசர்கள்தான். மீதிப் பேரையும் செத்த வீட்டில் அப்படித்தான் சொல்லப்போகிறார்கள். ஆகவே அதை விட்டுவிட்டு, இந்த வருடம் மார்ச் மாதத்தில் ஒரு கிழமைக்குள் அவர் செய்ததைச் சொல்வதே மேல்.

மன்னார் பேசாலையைச் சேர்ந்தவர். வயது ஐம்பத்தொன்று. கார் து லெஸ்ட் ரயில் நிலையத்துக்குக் கிட்ட, முப்பது பேர் இருந்து சாப்பிடக்கூடிய ஓர் உணவகத்தில் பதினொரு வருடமாகக் கோப்பை கழுவி வந்தார். அங்கே குசினி மிகவும் ஒடுக்கம். கழுவும் தொட்டியில் நிற்பவரும் அடுப்பில் நிற்பவரும் முதுகுக்கு முதுகு காட்டித்தான் நிற்க முடியும். அப்படி நின்றே சிசிலியா அந்த அடுப்பைக் காதால் படித்துக்கொண்டார். வெண்ணெய் கருகப்போகிறது என்றால் சமையல்காரருக்கு முன் அவருக்குத் தெரியும். கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே, "ஷெஃப், வெண்ணெய்!" என்பார்.

பெப்ரவரியில் அந்தச் சமையல்காரர் லியோனுக்குப் போய்விட்டார். அடுத்தடுத்து ஏஜென்சி அனுப்பிய இருவரும் நிலைக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை மத்தியானம் சிசிலியா கையைத் துடைத்துக்கொண்டு முதலாளி அர்னோவிடம் போய், அந்த அடுப்பைத் தனக்குத் தரும்படி கேட்டார். அர்னோ சிரிக்கவில்லை. அந்த ஆளைப் பற்றிச் சொல்லக்கூடிய முதல் நல்ல விசயம் அது.

"சிக்காகோ ஹொட் டோக் ஒன்றை மதிய மெனுவில் போடப்போகிறேன்" என்றார் அர்னோ. "என் சிநேகிதன் எரிக் அங்கே பதினான்கு வருடம் இருந்தவன். சனிக்கிழமை மூன்று மணிக்கு வருவான். நீங்கள் செய்து கொடுங்கள். அவன் சரி என்றால் அடுப்பு உங்களுடையது. இல்லையென்றால் வேறு ஆள் எடுப்பேன். பிறகு இந்தப் பேச்சு வேண்டாம்."

ஐம்பத்தொரு வயதில் இன்னொரு தடவை கேட்கும் துணிவு வராது என்று சிசிலியாவுக்குத் தெரியும். சரி என்றார். எரிக் தொலைபேசியில் சொன்னதை அர்னோ ஒரு காகிதத் துண்டில் எழுதிக் கொடுத்தார்: மாட்டிறைச்சிச் சொசேஜ், கசகசா தூவிய பாண், மஞ்சள் நிறக் கடுகுக் களி, இனிப்பான பச்சை ஊறுகாய், பச்சை வெங்காயம், தக்காளி, நீளமாக வெட்டிய வெள்ளரி ஊறுகாய், வினாகிரியில் போட்ட சின்ன மிளகாய், செலறி உப்பு. கடைசியில் பெரிய எழுத்தில், கெச்சப் கூடாது.

வீட்டுக்கு வந்து துண்டை மேசையில் வைத்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. அது தவக்காலம். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாளும் அந்த வீட்டில் இறைச்சி இல்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் முதல் சட்டி ஏறியது. மாட்டிறைச்சி என்றால் பஞ்சாய்ப் போகும்வரை அவிப்பது எங்கள் குசினிகளின் சட்டம். உள்ளே ரத்தம் தெரியும் இறைச்சியைப் பிரெஞ்சுக்காரர் ஆசையோடு தின்பதற்குச் சாட்சியாகப் பதினொரு வருடம் அவர்களுடைய கோப்பைகளைக் கழுவியிருக்கிறார். இருந்தும் அந்தச் சட்டம் கையை விட்டுப் போகவில்லை. ஆறு சொசேஜையும் கொதிநீரில் போட்டு, மூடி, முக்கால் மணித்தியாலம் விட்டார். அவருடைய கணவர் மடுத்தீன், மெத்ரோ நிலையங்களைச் சுத்தம் செய்யும் வேலை முடிந்து வந்தவர், மூடியைத் திறந்து பார்த்தார்.

"என்ன சிசிலி, எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்குது? பாட்டுப் படிக்குதுகளோ?"

"மூடும். ஆவி போகுது."

"ஆவி எப்பவோ போட்டுது. இனிப் பூசைதான் வைக்கவேணும்."

சிசிலியா தண்ணீரை ஊற்றிவிட்டு யோசித்தார். சொதிக்குள் மீன் போடும்போது நெருப்பைத் தணித்துவிட்டுத்தான் போடுவார். கொதித்தால் மீன் உடைந்துவிடும். தோல் இருக்கும் எதற்கும் அதுதானே நியாயம்? அடுத்த சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, நெருப்பை அணைக்கிற அளவுக்குக் குறைத்து, சொசேஜைப் போட்டுவிட்டுச் சட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்து நின்றார்.

"தண்ணி கதைக்கக் கூடாது" என்றார் மடுத்தீனிடம். "மூச்சு மட்டும் விடவேணும்."

இந்த முறை ஒன்றும் வெடிக்கவில்லை. ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினார். அழுத்திய இடம் திரும்பி எழுந்தது.

மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. டிஜோன் கடுகுக் களி மூக்கில் ஏறும். எரிக் சொன்னது சாதுவானது. காரம் குறைந்த ஒன்றை வாங்கி, மஞ்சள் தூள் ஒரு சிட்டிகையும் சீனியும் சேர்த்துக் குழைத்தார். பால் பாணின் முதுகில் முட்டை வெள்ளைக்கரு தடவிக் கசகசா ஒட்டி, மூன்று நிமிடம் அவணில் காட்டி, பிறகு இடியப்பத் தட்டில் வைத்து ஆவி பிடித்தார். பாண் மெத்தென்று ஆனது, கசகசா உதிரவில்லை. பச்சை மிளகாயை வினாகிரியில் மூன்று நாள் ஊறவிட்டார். இவை எல்லாவற்றையும் அவர் ருசி பார்த்தார். காய்கறிக்கும் கடுகுக்கும் தடையில்லை. நடுவில் இருக்கிற சொசேஜ் மட்டும் அவருக்குத் தெரியாத பொருளாகவே இருந்தது.

"கெச்சப் இல்லாமல் எப்பிடி?" என்றார் மடுத்தீன். "ரோல்சுக்கே சோஸ் வைக்காட்டில் கஞ்சப்பயல்கள் எண்டு சொல்லுவினம்."

"அவையின்ர ஊர்ச் சட்டம் அது."

"விசர்ச் சட்டம்."

"எங்கட சட்டத்தை அவை என்ன சொல்லுவினமோ?"

ருசி பார்க்க ஒரு வாய் வேண்டும். மடுத்தீனும் நாற்பது நாள் காக்கிறவர். மகள் பிரியதர்சினிக்கு இருபது வயது. பல்கலைக்கழகம் போன பிறகு பூமியைக் காப்பாற்றுவதற்காக இறைச்சியை விட்டுவிட்டாள். தட்டைக் கண்டதும், "அம்மா, நான் தொடமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும்தானே" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். கீழ்வீட்டுப் புண்ணியமூர்த்தி சைவக்காரர்; மாடு என்ற சொல்லையே வீட்டுக்குள் எடுக்கமாட்டார். ஒரு கட்டிடம் நிறைய மனிதர்கள், வெவ்வேறு காரணங்களுக்காக, ஒரே சொசேஜைத் தின்ன முடியாமல் இருந்தார்கள்.

வியாழக்கிழமை, ரூ காய் என்ற தெருவில் கசகசா வாங்கிய கடைக்குப் போனார். அங்கே வேலை செய்யும் தவசீலன் வன்னிப் பக்கத்துப் பெடியன். சைவக்காரன்தான், ஆனால் பாரிசுக்கு வந்த பிறகு எதையும் விடுவதில்லை. சிசிலியா இரண்டு ஹொட் டோக் கொண்டுபோனார். ஒன்று நல்லது. மற்றதை வேண்டுமென்றே வெடிக்கவைத்திருந்தார்.

தவசீலன் கடையின் பின்பக்கத்தில் நின்று இரண்டையும் முடித்தான்.

"சூப்பர், அக்கா!"

"எது?"

"ரெண்டும்."

"தம்பி, ஒண்டு வெடிச்சது. பாத்தனிதானே?"

"வெடிச்சதும் ஒரு ருசிதானே அக்கா."

"பகிடி விடாமல் சொல்லு. எது திறம்?"

"அக்கா, நீங்கள் வீட்டிலயிருந்து கொண்டந்து தந்திருக்கிறியள். நான் அதுக்கு நொட்டை சொல்லுறதோ? என்னை என்னெண்டு நினைச்சியள்?"

அவனைக் குறை சொல்ல முடியாது. கையால் தந்ததை நல்லது என்று சொல்லிச் சாப்பிடுவது எங்களிடையே மரியாதை. அந்த மரியாதையில்தான் பல குடும்பங்கள் நடக்கின்றன. ஆனால் எல்லாவற்றுக்கும் கிடைக்கும் பாராட்டு எதைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை. சிசிலியா அதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வெடித்த சொசேஜ் ஒன்றைக் கொண்டு சோதித்துப் பார்த்தார். என்னைக் கேட்டால், இது பெரிய காரியம். தன் சமையலுக்குக் கிடைத்த புகழைச் சந்தேகிக்கும் சமையல்காரரை நான் அதிகம் கண்டதில்லை.

வெள்ளி பின்னேரம் மடுத்தீன் கடைசி யோசனையைச் சொன்னார்.

"ஒரு கடி, சிசிலி. ஒரேயொரு கடி. சுவாமியிட்டப் பாவசங்கீர்த்தனத்தில சொன்னால், மூண்டு அருள்நிறைந்த மரியே சொல்லச் சொல்லுவார். முடிஞ்சுது அலுவல்."

"எனக்குச் சுவாமியிட்டப் பயமில்லை."

"பின்னை ஆரிட்ட?"

"ஒருத்தரிட்டயும் இல்லை. நாப்பது நாள் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஆருக்குச் சொன்னனீர்?"

"சொன்னது சொன்னதுதான். கோழிக்குஞ்சு மாதிரி நிக்காமல் போய் வெங்காயத்தை வெட்டும்."

அதில் நேர்த்திக்கடன் எதுவும் இல்லை. நோய் தீரவோ, விசா கிடைக்கவோ, மகள் பாஸ் பண்ணவோ அவர் கேட்டிருக்கவில்லை. கேட்டிருந்தால் அது ஒரு பேரம். பேரத்தை இடையில் திருத்தி எழுதலாம். ஒன்றும் கேட்காமல் கொடுத்த சொல்லை எங்கே கொண்டுபோய்த் திருத்துவது?

சனிக்கிழமை மூன்று மணிக்கு உணவகம் காலியாகிவிட்டது. எரிக் உயரமான, அமைதியான மனிதர். குசினிக்கு முன்னால் உள்ள உயர்ந்த மேசையில் இருந்தார். சிசிலியா துண்டில் எழுதியிருந்த வரிசைப்படி எல்லாவற்றையும் அடுக்கி, கடைசியில் செலறி உப்பைத் தூவி, தட்டைக் கொண்டுவந்து வைத்தார். எரிக் கையை நீட்டினார். அர்னோ அவரைத் தடுத்தார்.

"சிசிலியா, நீங்கள் ருசி பார்த்தீர்களா?"

"இல்லை, மிஸ்யூ அர்னோ."

"ஏன்?"

"கரேம்" என்றார் சிசிலியா. தவக்காலத்துக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்திருக்கும் சொல். அர்னோ அதைச் சின்ன வயதில் கேட்டதோடு சரி.

"நான் சாமியாரை வேலைக்கு எடுக்கவில்லை" என்றார் அவர். "ருசி பார்க்காதவர் சமையல்காரர் இல்லை. என் தகப்பன் அப்படி ஒருவரையும் அடுப்பில் விட்டதில்லை. ஒரு கடி கடியுங்கள். அல்லது நான் ஏஜென்சிக்கு எடுக்கிறேன்."

கைத்தொலைபேசி அவருடைய கையில் இருந்தது. அவர் கேட்டது அநியாயமும் இல்லை. வேறு எந்த நாளிலும் சிசிலியாவே அதைத்தான் சொல்லியிருப்பார். தட்டு ஒரு முழம் தூரத்தில் இருந்தது. பதினொரு வருடமாகக் காதால் படித்த அடுப்பு அதற்கு அந்தப் பக்கத்தில் இருந்தது.

"ஈஸ்டர் முடிந்து கடிக்கிறேன்" என்றார் சிசிலியா, தனக்குத் தெரிந்த குசினிப் பிரெஞ்சில். "இப்போது இதன் ருசியை நான் சொல்கிறேன், மிஸ்யூ எரிக் சாப்பிடட்டும். நான் சொல்வது பிழையென்றால் நீங்கள் ஏஜென்சிக்கு எடுங்கள்."

அர்னோ கைத்தொலைபேசியைத் தாழ்த்தினார். சிசிலியா எரிக்கைப் பார்த்துச் சொன்னார்.

"முதல் கடி. பாண் மெத்து. உடனே தோல் டிக் என்று உடையும். உடைந்தால் சாறு வரும், கொழுப்பு மேலண்ணத்தில் ஒட்டாது. கடுகு பின்னால் வரும், மூக்குக்குப் போகாது. இரண்டாவது கடியில் மிளகாய். வினாகிரிப் புளிப்பு முதல், காரம் பிறகு. மூன்றாவது கடி…" கொஞ்சம் நிறுத்தினார். "மூன்றாவது கடியில் உப்புக் கூடும். நான் வீட்டில் பழகியது வேறு ஊறுகாய். இங்கே வாங்கி வைத்திருப்பது உப்பு. செலறி உப்பைக் குறைத்தேன். சொசேஜின் உப்பை முகர்ந்துதான் பார்த்தேன், அதனால் குறைத்தது போதாது என்று நினைக்கிறேன். ஊறுகாயைக் கழுவியிருக்க வேண்டும். அது என் பிழை."

தன் பரீட்சைத் தாளில் தானே பிழை போட்டுக்கொண்டு நின்றார்.

எரிக் கடித்தார். அந்த டிக் சத்தம் மூவருக்கும் கேட்டது. மென்று விழுங்கி, இரண்டாவது தடவை கடித்தார். மேல் உதட்டில் வியர்வை அரும்பியது. மூன்றாவது கடியின் நடுவில் மென்றுகொண்டே தண்ணீர்க் கிளாசைத் தேடினார்.

"என்ன?" என்றார் அர்னோ.

"உப்பு" என்றார் எரிக். "அவர் சொன்ன இடத்திலேயே."

பிறகு அவர் ஹொட் டோக்கைக் கீழே வைக்கவில்லை. முடித்து, விரலில் ஒட்டிய கசகசாவையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "பாண் சிக்காகோப் பாண் இல்லை. அது இங்கே கிடைக்காது. மற்றது சரி. ஊறுகாயைக் கழுவினால் மிகவும் சரி."

அர்னோ வெறுந்தட்டைப் பார்த்தார். கைத்தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வாருங்கள்" என்றார். "ஆனால் ருசி பார்க்காமல் இந்தக் குசினியிலிருந்து இறைச்சித் தட்டு ஒன்றும் வெளியே போகாது. அது போகாது, சிசிலியா."

"போகக் கூடாதுதான்" என்றார் சிசிலியா. "ஈஸ்டருக்கு இருபத்திரண்டு நாள் இருக்கு. அதுவரை நீங்கள் பாருங்கள்."

எரிக் சிரித்தார். அர்னோ சிரிக்கவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை.

திங்கட்கிழமை கழுவும் தொட்டிக்கு ஏஜென்சியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். சிசிலியா அடுப்பில் நின்றார். பதினொன்றரை மணிக்கு, கதவு திறப்பதற்கு முன், ஒரு ஹொட் டோக்கை மூன்று துண்டாக வெட்டி அர்னோவின் முன்னால் வைத்தார். அர்னோ ஒரு துண்டை வாயில் போட்டார்.

"நல்லது" என்றார்.

"எது நல்லது?"

"எல்லாம்தான்."

"எல்லாம் என்று ஒரு ருசி இல்லை, மிஸ்யூ. தோல் சத்தம் போட்டதா?"

"போட்டது."

"உப்பு?"

"கொஞ்சம் இருக்கிறது."

"எங்கே? நாக்கு நுனியிலா, விழுங்கும்போதா?"

இருபது வருடமாக உணவகம் நடத்தும் அர்னோவிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. புது ஆள் தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அர்னோ இரண்டாவது துண்டை எடுத்து, மெதுவாக மென்று, கண்ணை மூடிக்கொண்டார்.

"விழுங்கும்போது" என்றார்.

"அப்படியென்றால் அது சொசேஜின் உப்பு. ஊறுகாய் இல்லை" என்றார் சிசிலியா. செலறி உப்பு எடுக்கும் கரண்டியை வைத்துவிட்டு, அடுத்த தட்டுகளுக்குச் சின்னக் கரண்டி ஒன்றை எடுத்தார். "இப்போது மூன்றாவதைச் சாப்பிடுங்கள். அவசரப்படாமல்."