மண் கலக்காத உப்பு

தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த அந்த அக்காவை ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு. அடிக்கடி ஒரு கல்லுப்பை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார். பஸ்ஸைப் பிடிக்கும் பதற்றத்தில் அவரைப் படமெடுத்துக் காட்டினேன்.

"என்ன தம்பி, உப்பு சாம்பலா கெடக்கு? மண்ணோட வாரிட்டேன்னு மொதலாளி ஏசுவாருல்லா. யாருக்கும் காட்டிராதீங்க."

"எல்லாம் வெள்ளையா இருந்தா கேமராவே வெளிச்சத்தக் குறைச்சிரும்க்கா."

"அப்பம் நீங்க கூட்டி எடுங்க."

கூட்டினேன். போதவில்லை. இன்னும் இருமுறை கூட்டினேன். நான்காவது படத்தில் உப்பு வெளுத்தது. துண்டின் நிழலில் இருண்டிருந்த அவர் முகமும் தெளிந்தது.

"இதான் நான் வாருன உப்பு" என்று வேலைக்குத் திரும்பிவிட்டார்.

பஸ் போய்விட்டது. அந்த நான்கு படங்களையும் இப்போதும் மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் நடுவில் நிற்பவர் அவர்தான். தன் முகத்தை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.