அப்பா எந்தச் சத்தத்துக்கு விழிப்பார்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து அப்பா தூங்கிக்கொண்டே இருந்தார். மயக்கம் இல்லை, தூக்கம்தான் என்றார் டாக்டர். நல்ல முழிப்பில் இருந்தால் மட்டும் கரண்டியால் கஞ்சி கொடுக்கலாம். தூக்கத்தில் கொடுத்தால் புரையேறி நெஞ்சுக்குள் போய்விடும். இப்படியே தூங்கினால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான். “கூப்பிட்டுக்கிட்டே இருங்க. தூங்கும்போதும் காது மூடுறதில்ல. சத்தம் எல்லாம் உள்ளே போகும். இது நமக்கு வேண்டிய சத்தம்னு மூளைக்குப் பட்டாத்தான் எழுப்பிவிடும்” என்றார்.

நான் ஒரே பிள்ளை. அம்மா இப்போது இல்லை. ஆகவே கூப்பிட வேண்டியது நான்தான். அப்பா, அப்பா என்று காதருகில் குனிந்து கூப்பிட்டேன். தோளைத் தட்டிக் கூப்பிட்டேன். பெற்ற பிள்ளை தொண்டை வறளக் கத்துகிறேன், மனுஷர் இமையைக்கூட அசைக்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட ஒழுங்காக வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. வாய் மட்டும் தன் பாட்டுக்கு அப்பா அப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் சாயங்காலம் வார்டுக்குள் டீக்காரர் வந்தார். பக்கத்துக் கட்டில்காரர் அவரைப் பார்த்து, “அண்ணாச்சி, சீனி கம்மியா ஒரு டீ” என்றார்.

அப்பா கண்ணைத் திறந்தார். குழறலாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, “சீனி எவ்வளவு?” என்றார்.

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். டீக்காரர் என்னைப் பார்த்தார். நான் கஞ்சிக் கிண்ணத்தை எடுப்பதற்குள் அப்பாவின் கண் மூடிவிட்டது.

துறைமுகம் போகும் ரோட்டில் எங்கள் பலசரக்குக் கடை. மத்தியானம் கல்லாப்பெட்டியில் கையை மடக்கித் தலைசாய்த்து அப்பா உறங்குவார். பத்தடி தள்ளிக் கண்டெய்னர் லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு போகும், கடைச் சுவரே அதிரும். அவருக்கு ஒன்றும் கேட்காது. வாசலில் யாராவது மெதுவாக அண்ணாச்சி என்றால் போதும், தலை நிமிரும்போதே கை தராசுக்குப் போயிருக்கும். வீட்டுக்கு வந்து படுத்தால் கதையே வேறு. பள்ளிக்கூடத்துக் கையெழுத்துக்காக நான் அப்பா அப்பா என்று உலுக்குவேன், புரண்டுகூடப் படுக்க மாட்டார். அப்பா என்கிற சத்தம் கேட்கிற இடத்தில் நிம்மதியாகத் தூங்கலாம் என்று அவர் மூளை அப்போதே முடிவு கட்டியிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் விழித்த மனுஷர் எனக்கு மட்டும் தூங்கினார். இது பெருமையா வருத்தமா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

அன்றைக்கு இன்னும் கொஞ்ச நேரம் அப்பா என்றே கூப்பிட்டுப் பார்த்தேன். வீம்புதான். அதற்குள் நர்ஸ் வந்து, காலையில் குழாய் போட்டுவிடலாமா என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். சுற்றிலும் பார்த்துக்கொண்டு, கடன் கேட்க வந்தவள் மாதிரி தயங்கி நின்று, “அண்ணாச்சி” என்றேன்.

கண் திறந்தது. “என்னம்மா வேணும்?” என்றார்.

“ஒரு வாய் கஞ்சி குடிங்க அண்ணாச்சி.”

கடையில் நின்று கஞ்சி குடிக்கச் சொல்லும் வாடிக்கையாளரை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் பேச்சைத் தட்டவில்லை. நாலு கரண்டி விழுங்கினார். ஐந்தாவதில் கண் சொருகியது. மறுபடி அண்ணாச்சி என்றேன், திறந்தது. நர்ஸ் பார்த்துவிட்டு, குழாயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டார்.

அதிலிருந்து வேளாவேளைக்கு நான் வாடிக்கைக்காரி ஆனேன். ஒருமுறை வாய் தவறி அப்பா என்றுவிட்டேன். நன்றாக முழித்திருந்தவர் அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஜாக்கிரதையாக இருந்தேன். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பெற்ற அப்பனை அண்ணாச்சி என்கிறாளே என்று ஒருமாதிரி பார்த்தார்கள். விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஒரு காலையில் கூப்பிட்டதும் விழித்துக்கொண்டார். கண் தெளிவாக இருந்தது. கிண்ணத்தில் பாதி காலியான பிறகு என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

“யார் வீட்டுப் பிள்ளைம்மா நீ?”

“துறைமுகம் ரோட்டுப் பலசரக்குக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை.”

“ஓ, அவரா” என்றார். தெரிந்தவர் மாதிரி தலையாட்டினார். “நல்லா இருக்காரா?”

“இருக்காரு. இப்பத்தான் அரைக் கிண்ணம் கஞ்சி குடிச்சாரு” என்றேன்.

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டு, அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தார்.