அரிகிருஷ்ணனுக்கு ஒரு ஊர்

கிழக்குத் தாம்பரத்தில் அரிகிருஷ்ணனின் காம்பவுண்டைத் தெரியாதவர்கள் குறைவு. ஒரே சுற்றுச்சுவருக்குள் ஆறு போர்ஷன், ஒரு கிணறு, இரண்டு முருங்கை மரம். சுற்றியிருக்கும் நகர் முழுக்க ஒருகாலத்தில் அவருடைய அப்பாவின் நெல் வயல். அதை அப்பா பிளாட் போட்டு விற்றது போக மிஞ்சிய இடத்தில் இவர் காம்பவுண்டைக் கட்டினார். வாடகை வந்தது, செங்கல், மணல் வியாபாரமும் ஓடியது. சோற்றுக்கும் துணிக்கும் பஞ்சமில்லை. குறை என்று சொல்ல அவருக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. லீவுக்குப் போக அவருக்கு ஒரு ஊர் இல்லை.

தாம்பரம்தானே அவருக்கு ஊர் என்று நீங்கள் கேட்கலாம். மார்ச் மாதம் வரைக்கும் அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடங்களில் முழுப்பரீட்சை முடிந்ததும்தான் வினை ஆரம்பிக்கும். குடித்தனக்காரர்கள் ஒவ்வொருவராக அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டத் தொடங்குவார்கள். ஒருவர் கும்பகோணம் பக்கம் போவார், ஒருவர் விருதுநகர், இன்னொருவர் தேனிக்கும் அப்பால் எங்கேயோ. வருஷம் பூராவும் குழாய் ஒழுகுகிறது, பல்பு எரியவில்லை என்று அவரிடம் வந்து நின்றவர்கள் மே மாதம் பிறந்தால் ஜமீன்தார் ஆகிவிடுவார்கள். ஊரில் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது என்பார்கள், ஆற்றில் குளித்தால் ஏறி வரவே மனசு வராது என்பார்கள். இங்கே ஒரு வாளித் தண்ணீருக்குச் சண்டை போட்ட ஆள்தான் அதைச் சொல்வது. அப்புறம் போகிற போக்கில், நீங்கள் எங்கேயும் போகவில்லையா என்று அவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள். அரிகிருஷ்ணனுக்குச் சுருக்கென்று இருக்கும்.

எங்கே போவார் பாவம்? மனைவி சாமுண்டீஸ்வரி பிறந்த வீடு கோவிலம்பாக்கம். தங்கை கங்கையம்மாளைக் கொடுத்திருப்பது திருநீர்மலை. சம்பந்தம் செய்கிற விஷயத்தில் அவருடைய முன்னோர்கள் மாட்டுவண்டி பொழுது சாய்வதற்குள் போய்த் திரும்புகிற தூரத்தைத் தாண்டியதே இல்லை. காலையில் கிளம்பி மலையேறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு, தங்கை வீட்டில் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டால் மூன்று மணி பஸ்ஸுக்கு வந்துவிடலாம். வண்டலூரில் மிருகக்காட்சிசாலை திறந்தபோது மகள் பேபியை அழைத்துக்கொண்டு போனார். அங்கே சிங்கம் வெயில் தாங்காமல் புதருக்குப் பின்னால் படுத்திருந்தது, வாலை மட்டும் பார்த்துவிட்டு மாலைக் காப்பிக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். கடற்கரைக்குப் போனாலும் அப்படித்தான், கடைசி எலெக்ட்ரிக் ட்ரெயினுக்கு எத்தனையோ முன்பாகவே திரும்பியாயிற்று. எங்கே போனாலும் ராத்திரி சொந்தப் பாயில் வந்து விழும்படி ஆகிவிடுகிறது. அதற்குப் பெயர் ஊருக்குப் போவதா?

ஆகவே வருஷாவருஷம் அவர் ஊருக்குப் போகிறவர்களை ஏற்றிவிடப் போனார். தாம்பரம் ஸ்டேஷனில் தெற்கே போகிற ரயில்கள் எல்லாம் நின்றுதான் போகும். குடித்தனக்காரரின் கூஜாவையும் படுக்கையையும் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் இடித்துப் பிடித்து ஏறி, துண்டைப் போட்டு இடம் பிடித்துக் கொடுப்பார். அப்புறம் இறங்கி நின்று கையசைப்பார். வீட்டுக்காரர் ஒருவர் குடித்தனக்காரருக்கு மூட்டை தூக்குவது சாமுண்டீஸ்வரிக்குக் கட்டோடு பிடிக்கவில்லை. நல்லவேளையாக, ரயில் போன பிறகும் அவர் பிளாட்பாரத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவது அவளுக்குத் தெரியாது.

பின்பக்கப் போர்ஷனில் வேதசிரோமணி என்பவர் குடியிருந்தார். குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கிளார்க். சாத்தான்குளத்துக்கு அந்தப் பக்கம் புன்னைவிளை அவருக்குச் சொந்த ஊர். பேச்சு மென்மை, ஆள் தங்கம், வாடகை தேதி தவறாது. எண்பத்தேழாம் வருஷம் மே மாதம், ஜன்னல் வழியாகக் கூஜாவை வாங்கிக்கொண்டவர், வண்டி நகர ஆரம்பித்த நேரத்தில் சும்மா இருக்காமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

“நீங்களும் ஒருதரம் எங்க ஊருக்கு வாங்களேன், அண்ணாச்சி.”

ரயில் கிளம்பும்போது மனிதர்கள் இப்படி எதையாவது சொல்வது வழக்கம்தான். கேட்டவரும் சிரித்துவிட்டு மறந்துவிடுவார். அரிகிருஷ்ணன் மறக்கவில்லை. அடுத்த தை மாதம் பொங்கல் பானை இறங்கிய கையோடு போய், எந்தத் தேதிக்கு டிக்கெட் எடுக்கலாம் சார் என்று கேட்டார். வேதசிரோமணியும் அவர் மனைவி ஞானஜோதியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே வசதி பத்தாது, வெயில் அதிகம், தண்ணீர் உப்பு என்று ஞானஜோதி மென்று முழுங்கினாள். எல்லாவற்றுக்கும் அரிகிருஷ்ணன் பரவாயில்லம்மா, பரவாயில்லம்மா என்று தலையாட்டினார். வெயிலை அவர் என்ன கண்டதே இல்லையா?

அப்படியாக எண்பத்தெட்டு மே மாதம் தாம்பரம் ஸ்டேஷனில் அவர் பிளாட்பாரத்தில் நிற்காமல் ரயிலுக்குள் உட்கார்ந்தார். பக்கத்தில் சாமுண்டீஸ்வரியும் பேபியும். கையசைத்து வழியனுப்பத் தங்களுக்கு யாருமில்லையே என்று ஒரு சின்ன வருத்தம். எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்ற முன்பின் தெரியாத போர்ட்டருக்குக் கையசைத்தார்.

புன்னைவிளையில் வேதசிரோமணியின் அண்ணன் ஏசுதாசன் குடும்பத்தோடு பூர்வீக வீட்டில் இருந்தார். ஓட்டு வீடு, பின்னால் தனியாக ஒரு அறை. அந்த அறையை விருந்தாளிகளுக்குக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்தார்கள். காலையில் பனையோலைப் பட்டையில் பதநீர், பதினோரு மணிக்கு நுங்கு, மாலையில் கருப்பட்டிக் காப்பி. தேரி என்கிற செம்மண் மேட்டில் காற்று அடித்தால் கண்ணெல்லாம் மண். அதையும் அரிகிருஷ்ணன் ரசித்தார். எல்லாவற்றையும்விட அவருக்கு உச்சி குளிர்ந்தது வேறொன்றில். தெருவில் எதிரே வருகிற எல்லாரும் அவரைப் பார்த்து, எப்ப வந்தீங்க என்று கேட்டார்கள். தாம்பரத்தில் இந்த வயது வரை அவரை அப்படிக் கேட்க ஒருவருக்கும் வழியிருக்கவில்லை, அவர் எங்கிருந்தும் வந்ததே இல்லையே. நேற்று வந்தேன், முந்தாநாள் வந்தேன் என்று ஆசை தீரச் சொன்னார்.

வேதசிரோமணியை யாரும் அவ்வளவாகக் கேட்கவில்லை. அண்ணி அவரை மெட்ராஸ்காரங்க என்றாள். அவர் பேச்சில் நடுநடுவே வருகிற மெட்ராஸ் வார்த்தைகளைக் கேட்டு அண்ணன் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் பெஞ்சில் படுத்துப் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். இதையெல்லாம் கவனிக்க அரிகிருஷ்ணனுக்கு எங்கே நேரம்? அவர் பனையேறிகளோடு தோப்பில் இருந்தார்.

வேதக்கோயிலில் அசனப் பண்டிகை வந்தது. ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். பக்கத்து இலைக்காரர் ஒரு பெரியவர், எந்த ஊர் என்று விசாரித்தார். தாம்பரம் என்றார் அரிகிருஷ்ணன்.

“இருக்கது தாம்பரம். சொந்த ஊரு?”

“சொந்த ஊரும் தாம்பரம்தாங்க.”

பெரியவர் கறிச்சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அங்க பொழைக்கத்தான போவாவ. அங்கயே யாராச்சும் பொறப்பாவளா?”

சுற்றிலும் எல்லாரும் அவர் சொல்வது நியாயம் என்பதுபோல் பார்த்தார்கள். ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டு ஊர்ப்பெயரை மறைக்கிறவன் என்று தன்னை நினைத்துவிட்டார்களோ என அரிகிருஷ்ணனுக்குக் கூச்சமாகிவிட்டது. அடுத்து ஒருவர் கேட்டபோது, இங்கே வேதசிரோமணி சார் வீடுதான் என்று சொல்லித் தப்பித்தார். சொல்லிப் பார்த்தால் நன்றாகவே இருந்தது.

கிளம்புவதற்கு முதல்நாள் சாயங்காலம் அரிகிருஷ்ணனும் வேதசிரோமணியும் தேரிப் பக்கம் நடக்கப் போனார்கள். வேதசிரோமணி மெதுவாக விஷயத்தை எடுத்தார். தாங்கள் குடியிருக்கிற பின்பக்கப் போர்ஷனைத் தங்களுக்கே விலைக்குக் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டார். எத்தனை நாளைக்கு வாடகை வீட்டில் இருப்பது, பிள்ளைகளும் அங்கேயே படிக்கிறார்கள் என்றார்.

அப்பா காலத்தில் விற்றது விற்றதுதான், இனி ஒரு சாண் நிலம் கைமாறாது என்று சாமுண்டீஸ்வரியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தவர் அரிகிருஷ்ணன். தாம்பரத்தில் கேட்டிருந்தால் முகத்தில் அடித்தாற்போல் மறுத்திருப்பார். ஆனால் வயிறு நிறையப் பதநீர், காலுக்கடியில் ஊர் மண். ஒரே ஒரு கேள்விதான் அவருக்குக் கேட்கத் தோன்றியது.

“அடுத்த வருசமும் நாங்க இங்க வரலாம் இல்ல, சார்?”

“என்ன அண்ணாச்சி இப்படிக் கேட்டுட்டீங்க. இது உங்க ஊரு மாதிரில்லா.”

“அப்போ எடுத்துக்கங்க சார்.”

வேதசிரோமணி பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அப்படித்தான் நினைத்தார். திரும்பி வருகிற ரயிலில் எதிர் சீட்டுக்காரர் எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டபோது, அரிகிருஷ்ணன் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, ஊருக்குப் போயிட்டு வர்றோம் என்றார். சாமுண்டீஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போர்ஷன் விஷயம் தெரிந்தபோது, வெயிலில் மூளை கலங்கிவிட்டதா என்று அவள் கேட்டதையும், மூன்று நாள் அவருக்குத் தட்டை வைத்த வேகத்தையும் இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

தையில் பத்திரம் பதிவாயிற்று. ஊரிலிருந்து திரும்பிய நாளிலிருந்தே அரிகிருஷ்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கள் பக்கமெல்லாம் கருப்பட்டிதான், சர்க்கரை எவன் தொடுவான் என்று பேச ஆரம்பித்தார். மார்ச் மாதம் வந்ததும் குடித்தனக்காரர்களை முந்திக்கொண்டு அவரே எப்போ ஊருக்கு என்று விசாரித்தார், சரிக்குச் சரியாக. கடைத்தெருவில் நீல நிறத்தில் ஒரு சூட்கேஸ் வாங்கினார். ஊரில் பிள்ளைகள் கேட்பார்கள் என்று சாமுண்டீஸ்வரியை அதட்டி முறுக்கு சுடச் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பின்பக்கம் போனார். வேதசிரோமணி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் வீட்டுச் சுவருக்குத் தானே வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். புதிதாகக் குளியலறை வேறு எழும்பிக்கொண்டிருந்தது. எந்தத் தேதிக்கு டிக்கெட் எடுக்கலாம் என்று அரிகிருஷ்ணன் கேட்டார். எங்கே போக என்று அவர் திருப்பிக் கேட்டார். ஊருக்கு, என்றார் அரிகிருஷ்ணன்.

வேதசிரோமணி ஏணியிலிருந்து இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டார். “அங்க இனி என்ன இருக்கு அண்ணாச்சி? என் பங்க அண்ணனுக்கே எழுதிக் குடுத்துட்டுல்லா இத வாங்குனேன்.”

அரிகிருஷ்ணனுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் மெதுவாகப் புரிந்தது. ஊர் வீட்டுப் பின்பக்கத்தில் அந்த அறை இருக்குமே என்று கேட்டார். அதைத்தான் முதலில் இடித்தார்களாம், அண்ணன் மாடி எடுத்துக் கட்டப் போகிறாராம். இதைச் சொன்னபோது வேதசிரோமணிக்குத் துளி வருத்தம் இல்லை. வருஷாவருஷம் அங்கே போய்ப் பெஞ்சில் கிடந்த அலுப்பு விட்டது என்றார். இனிமேல் லீவுக்கு வண்டலூர், திருநீர்மலை என்று நிம்மதியாகப் போய்விட்டு வரலாம், ராத்திரி சொந்த வீட்டில் வந்து படுக்கலாம், அந்தச் சுகமே தனி என்றார்.

அவர் மேல் கோபப்படவும் வழியில்லை. அவர் ஏமாற்றவில்லை, கேட்டார். கொடுத்தது இவர். பத்திரத்தில் பேனாவை வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டபோது தன் கையாலேயே புன்னைவிளை அறையை இடித்துக்கொண்டிருக்கிறோம் என்று இவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அரிகிருஷ்ணன் கிணற்றடிக்கு வந்து உட்கார்ந்தார். ஒரு வாரமோ பத்து நாளோ படுத்த அறை அது. அதன் ஓட்டுச் சந்து வழியாக விழுந்த வெயில் வரைக்கும் ஞாபகம் வந்தது. துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார்.

முறுக்கு மாவு ஒட்டிய கையோடு சாமுண்டீஸ்வரி வந்தாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உங்கப்பா இம்மாம் நெலத்தையும் பிளாட் போட்டு வித்தாரு. அன்னிக்கி நீ பாட்டுக்கு சோறு துன்னுட்டு சினிமாக்குப் போன. இப்போ இன்னாத்துக்கு இப்பிடி குந்திகினு கீற?”

அரிகிருஷ்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“அது எடம், சாமுண்டி. இது எங்க ஊரு.”